டேங்குக்குள்ளும் ஒரு சப்மெர்சிபிள்!

கேள்வி: ‘‘ஒன்றரை ஏக்கரில் ரோஜா வைத்திருக்கிறோம். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினான். பெங்களூரில் ஒரு கடையில் ‘ரீமேப்’ செய்து, அதன் வேகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். 14 மாதங்களில் இரண்டு முறை பியூயல் பம்ப் போய்விட்டது. இப்போது மூன்றாவது பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பூ விற்ற காசெல்லாம் அதிலேயே போகிறது. கேட்டால், ‘பெட்ரோல் சரியில்லை’ என்கிறார் மெக்கானிக். உண்மையா?’’

- வாசகர், கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: மூன்றாவது பம்ப் வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஒரே வண்டியில் அடுத்தடுத்து இரண்டு பம்ப் போகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பம்பில் இருக்காது. பம்பைக் கெடுத்த காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால், புது பம்பும் அதே வழியில்தான் போகும்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் போர்வெல்லே போதும். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப், ஒரு குட்டி சப்மெர்சிபிள் மோட்டார்தான். பெட்ரோலில் மூழ்கியபடியே ஓடும். உள்ளே புகுந்து போகும் பெட்ரோல்தான் மோட்டாரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். போர் மோட்டாருக்கு எதெல்லாம் ஆகாதோ, அதெல்லாம் இதற்கும் ஆகாது.

முதலாவது, சக்திக்கு மீறிய வேலை. 500 அடிக்கு வாங்கிய மோட்டாரை 1,000 அடி போரில் இறக்கினால் எத்தனை நாள் தாங்கும்? ரீமேப் செய்யும்போது டர்போ கூடுதல் காற்றைத் தள்ளும். அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். ஆனால் பம்ப், கம்பெனி கணக்குப்படி வைத்த அதே பம்ப்தான். எப்போதும் முழு மூச்சில் ஓடி, சூடாகித் தேய்கிறது. வேகமான கார்களில் பம்ப் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று அதிகமாகி பெட்ரோல் போதாமல் போனால், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டனே சேதமாகும். அந்தச் செலவுக்கு முன்னால் பம்ப் செலவு ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, டிரை ரன். எப்போதும் ரிசர்விலேயே வண்டி ஓட்டினால் பம்ப் பெட்ரோலுக்கு வெளியே நிற்கும். வளைவில் திரும்பும்போது மிச்சமுள்ள பெட்ரோலும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுத்துச் சூடாகும். டேங்க்கில் கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

மூன்றாவது, லோ வோல்டேஜ். பழைய வண்டியில் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கும், ரிலே கருகியிருக்கும். பம்புக்கு வர வேண்டிய வோல்டேஜ் வராது. பம்ப் மெதுவாகச் சுற்றும், இன்ஜின் திணறும். ‘பம்ப் போச்சு’ என்று நல்ல பம்பைக் கழற்றிவிடுவார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஒரு முறை, பம்ப் கனெக்டரில் ஒரு முறை வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதலில் ஒயரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, மண். போரில் மணல் வந்தால் மோட்டார் தேய்வதைப் போலத்தான் இதுவும். டேங்க்கைச் சுத்தம் செய்யாமல், பில்டரை மாற்றாமல் பம்பை மட்டும் மாற்றினால் பழைய அழுக்கு புது பம்புக்குள் போகும். கேனில் பிடித்து வந்து, வீட்டில் வைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தூசியும் ஈரமும் சேரும். அதைவிட, வீட்டில் பெட்ரோல் வைப்பது தீ ஆபத்து.

இனி, பெட்ரோல் விஷயம். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுக்கப்படும் எத்தனால், ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்க்கின் அடியில் தண்ணீர் தங்கலாம். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களும் பாதிக்கப்படலாம். உங்கள் வண்டி எந்த அளவுவரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். ஆனால், அதே பங்க்கில் பெட்ரோல் போடும் மற்ற வண்டிகள் நன்றாக ஓடும்போது, பழியை முழுவதும் பெட்ரோல் மேல் போட முடியாது.

சில நேரம் பம்பே கம்பெனியில் குறையோடு வந்துவிடுவதும் உண்டு. 2020 ஜூலையில் மாருதி, வேகன்-ஆர், பலேனோ கார்களில் 1,34,885 வண்டிகளை பியூயல் பம்ப் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. 2024-ல் ஹோண்டாவும் 90,468 பழைய கார்களை இதே பம்புக்காக அழைத்தது. இப்படி அழைக்கப்பட்ட வண்டிகளுக்குக் குறையுள்ள பம்பை இலவசமாகவே மாற்றித் தருவார்கள். பழைய கார் வாங்கிய எல்லோரும் சேஸிஸ் நம்பரைச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கேஜ் வைத்து பெட்ரோல் அழுத்தத்தையும், மீட்டர் வைத்து வோல்டேஜையும் அளந்து, அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சில டர்போ கார்களில் இன்ஜின் மேல் இன்னொரு உயர் அழுத்த பம்பும் இருக்கும். போனது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பம்ப் மாற்றியே ஆக வேண்டும் என்றால் டேங்க்கைச் சுத்தம் செய்து, பில்டரும் சேர்த்து, பில்லோடு கம்பெனி பம்பையே வாங்குங்கள். ரீமேப்பை எடுத்துவிட்டு, வண்டியைப் பழைய செட்டிங்குக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மகனுக்கு இது மட்டும்தான் கொஞ்சம் கசக்கும்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்தபிறகு, பெரும்பாலான பைக்குகளிலும் டேங்குக்குள் இதே பம்ப்தான். 50 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு, எப்போதும் ரிசர்விலேயே சந்தைக்குப் போய்வருபவர்கள் கவனிக்கவும். தண்ணீர் இல்லாத போரில் மோட்டாரை ஓட்ட மாட்டோம் அல்லவா?