கேலிக்கு அஞ்சும் நாற்காலிகள்
மக்களை வாய்பேசாத பெண்ணாக உருவகித்து, அதிகாரத்தை நையாண்டி செய்த அம்ரித் நகாதாவின் ‘கிஸ்ஸா குர்சி கா’ திரைப்படத்தின் சுருள்கள், அவசரநிலைக் காலத்தில் குர்கான் மாருதி ஆலையில் எரிக்கப்பட்டன. அதே காலத்தில் பெங்களூரு மத்திய சிறையில் அடைக்கப்பட்ட நடிகை சினேகலதா ரெட்டி ஆஸ்துமாவால் வதைபட்டார். பரோலில் வெளிவந்த சில நாட்களிலேயே, 1977 ஜனவரியில் உயிரிழந்தார்.

அதே சிறையில் அத்வானியும் வாஜ்பாயும் இருந்தனர். அந்தத் தியாகத்தைச் சொல்லித்தான் பாஜக அரசு ஜூன் 25ஐ ‘அரசமைப்புச் சட்டப் படுகொலை நாள்’ என்கிறது. நல்லது. ஆனால், டிரம்ப்பின் அருகே மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக வரைந்த ஒரு கேலிச்சித்திரத்திற்காக, 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளத்தையே முடக்கியது யார்? இதற்கு அவசரநிலைப் பிரகடனம்கூடத் தேவைப்படவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகும், சித்திரத்தை நீக்கினால்தான் தளம் திறக்கும் என்றாயிற்று.