வலிமையை மீட்டலும் மருத்துவமே

மருத்துவத்தின் பயன் யாதென வினவினால், நோய் நீக்கலும் உயிர் காத்தலும் என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். அவ்விடை தவறன்று, ஆயினும் பாதி விடையே. உயிர் பிழைத்த ஒருவர் தம் காலால் நடந்து, தம் கையால் உண்டு, தம் தொழிலை மீண்டும் மேற்கொள்ளும் நாளிலேதான் மருத்துவம் முற்றுப்பெறுகின்றது. எலும்பு கூடிய பின்னரும் மடங்காத முழங்கால், பக்கவாதம் தணிந்த பின்னரும் எழாத கை, இவற்றோடு வாழ்வோரை நாம் நாடோறும் காண்கின்றோம். விதியென்று கூறி அப்பாற் செல்கின்றோம். அவற்றுட் பல விதியின் செயலல்ல, செய்யாது விட்ட பயிற்சியின் விளைவே என்பதை ஈண்டு வற்புறுத்தக் கருதுகின்றோம்.

சென்னை நகருக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் முன்னர் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்து விளங்கின. 1961-ஆம் ஆண்டில் ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அதே பத்தாண்டில் அம்பத்தூரிலே தொழிற்பேட்டை எழுந்தது. இன்று அவ்வூர்களில் இரும்பு கடைவோரும், தகடு அழுத்துவோரும், ஆடை தைக்கும் பெண்டிரும், சுமை ஏற்றி இறக்குவோரும் பல்லாயிரவர். சாலைகளிலோ சரக்கு வண்டிகளுக்கு இடையே இரு சக்கர வண்டிகள் நெருங்கி விரைகின்றன. இத்தகைய இடத்திலே கைகால் முறிதல் அரிய நிகழ்ச்சியன்று. நாற்காலியில் அமர்ந்து எழுதிப் பிழைப்பவருக்கு ஒரு கால் சிறிது தாழ்ந்தாலும் தொழில் நிற்காது. தகடு அழுத்துபவருக்கு விரல்கள் மடங்காவிடின் அன்றே கூலியில்லை. உடலையே முதலாகக் கொண்டு வாழும் மக்கள் மிகுந்த இப்பகுதியில், உடல் வலிமையை மீட்டுத்தரும் இயன்முறை மருத்துவம் சோற்றுக்கு அடுத்த தேவையாகும்.

அம்மருத்துவத்திற்கு முதற்பகை நம் வீடுகளில் உள்ள அன்பேயாகும். நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவுடன், "அசையாதே, படுத்திரு" என்று தாயும் மனைவியும் கூறுவர். நீரும் சோறும் படுக்கைக்கே வரும். நெடுநாட் கிடையினால் உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றும் அடையும் தீங்கை ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் 1947-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி எச்சரித்தார். அசையாத தசை நாளுக்குநாள் மெலிகின்றது. ஒரு வாரம் முற்றிலும் அசைவின்றிக் கிடந்தால் அதன் வலிமையிற் பத்திலொரு பங்கேனும் குறையலாம். மூட்டைச் சூழ்ந்த சவ்வும் நாணும் சுருங்கி இறுகுகின்றன. எலும்பிலுள்ள சுண்ணச்சத்து குறைகின்றது. கால் இரத்தக் குழாய்களில் குருதி உறைகின்றது. முதுகிலே படுக்கைப்புண் தோன்றுகின்றது. ஓய்வு வேண்டுவதே; ஆயின் எத்தனை நாள், எவ்வுறுப்பிற்கு என்பதை அறிந்தவரே வரையறுத்தல் வேண்டும்.

இப்பகுதித் தெருக்களிலே "புத்தூர்க் கட்டு" என்னும் பெயர்ப்பலகைகள் தொங்குவதை அன்பர்கள் கண்டிருப்பர். ஆந்திர நாட்டுப் புத்தூரிலிருந்து பரவிய அக்கட்டிலே நம்மவர்க்குள்ள நம்பிக்கை பெரிது. ஆங்கில மருத்துவரின் மாவுக்கட்டு மேலானதா, நாட்டுக் கட்டு மேலானதா என்று திண்ணைகளில் நடைபெறும் வழக்காடலுக்கும் குறைவில்லை. ஆனால் எக்கட்டாயினும் எலும்பை அசையாது நிறுத்துவதொன்றே அதன் வேலை. கட்டினுள்ளே மெலிந்த தசையை அது பெருக்காது. இறுகிய மூட்டை இளக்காது. கட்டவிழ்த்த நாளைச் சிகிச்சை முடிந்த நாளெனக் கொள்வது நம்மவர் செய்யும் பெரும்பிழை. உண்மையில் அன்றைக்குத்தான் இரண்டாம் சிகிச்சை தொடங்குகின்றது.

அவ்விரண்டாம் சிகிச்சை எங்ஙனம் பயன் தருகின்றதென்பதைச் சிறிது நோக்குவோம். தசையின் வலிமையை அளத்தற்கு 0 முதல் 5 வரை படிகள் வகுத்துள்ளனர். சிறு துடிப்புமில்லாத நிலை 0. தொட்டறியத்தக்க துடிப்பு மட்டும் உள்ளது 1. உறுப்பின் பாரத்தைப் பிறிதொன்று தாங்கினால் மட்டும் அசைவது 2. தன் பாரத்தைத் தானே எதிர்த்து எழுவது 3. பிறர் தடுப்பதையும் ஓரளவு வெல்வது 4. இயல்பான வலிமை 5. சுழியிலிருந்து முதற்படிக்கு ஏறுதல் பயின்ற கண்ணுக்கன்றிப் பிறர்க்குப் புலனாகாது. அதனால் வீட்டார், "ஒரு மாதமாயிற்று, ஒரு பயனுமில்லை" என்று கூறி, பயன் தொடங்கும் தறுவாயிலேயே நிறுத்திவிடுகின்றனர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

பயிற்சியிலும் அளவும் முறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே முழங்காலிற் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்க்கு, தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர் எடையைச் சிறிது சிறிதாக ஏற்றித் தூக்கச்செய்து, அம்முறையை 1945-இல் வெளியிட்டார். தசை தன்னால் இயன்றதற்குச் சற்று மேலான வேலையைப் பெற்றாலன்றி வளராதென்பது அவர் முறையின் கருத்து. பக்கவாதத்திலோ பழுதுற்றது மூளையின் ஒரு பகுதி; ஒரே செயலைப் பன்முறை பயிலுங்கால், எஞ்சிய பகுதிகள் அவ்வேலையை ஓரளவு கற்றுக்கொள்கின்றன. எனவே எண்ணெய் தடவி நீவுவதோ, மின்பொறியை ஒட்டிவைத்து அரைமணி நேரம் படுக்கவைப்பதோ மட்டும் இயன்முறை மருத்துவமாகாது. நோயாளி தானே முயலும் முயற்சியே அதன் உயிர்.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. வேலூர் வரை சென்றாற் போதும். கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு வலிமையுள்ள தசையின் நாணை மாற்றிப் பொருத்தும் முறையை 1948 முதல் நடத்தினார். ஒரு வேலைக்கென அமைந்த தசை, அறுவைக்குப் பின்னர் வேறொரு வேலையைப் புதிதாகக் கற்றல் வேண்டும். பயிற்சியாளர் வாரக்கணக்கில் உடனிருந்து கற்பித்தாலன்றி அவ்வறுவை பயன்தராது.

அவரிடம் ஊக்கம் பெற்றவர் மேரி வர்கீஸ் அம்மையார். இளமருத்துவராயிருந்த அவர் 1954-ஆம் ஆண்டில் வண்டி விபத்திலே முதுகுத்தண்டு முறிந்து, இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யப் பயின்றார். ஆஸ்திரேலியாவிலே பெர்த் நகரில் பயிற்சி பெற்றுத் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கற்றார். பின்னர் நியூயார்க் நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். அவர் முயற்சியினால் 1966-இல் வேலூரிலே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவர் கால்கள் மீளவில்லை என்பதை நாம் மறைத்தல் கூடாது. பயிற்சி எல்லாவற்றையும் மீட்காது. மீட்கக்கூடியதை மீட்டு, மீளாததற்கு மாற்றுவழி கற்பிப்பதே அதன் எல்லை. அவ்வெல்லைக்குள் நின்றே அவ்வம்மையார் பிறர் பலரை எழுப்பிவிட்டார்.

இனி நம் பகுதியின் நிலையை ஆராய்வோம். சாலை விபத்துற்றோரைக் காக்கத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரில் "நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை விலையின்றி அளிக்க முன்வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தில், இயன்முறை மருத்துவர் நோயாளியின் வீடு தேடி வரும் ஏற்பாடும் உண்டு. இவை போற்றத்தக்கவை. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ், வேலையிற் காயமுற்ற தொழிலாளிக்கு இயலாமை நீடிக்கும் வரை கூலியில் 90 விழுக்காடு கிடைக்கின்றது. போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் ஆகிய இடங்களிலே இயன்முறை மருத்துவம் கற்பிக்கும் கல்லூரிகள் உள்ளன. ஆகவே கற்றவர்க்குப் பஞ்சமில்லை, திட்டத்திற்கும் பஞ்சமில்லை.

குறை எங்கேயெனின், இவற்றிற்கும் தொழிலாளிக்கும் இடையேயுள்ள வெளியிலாம். 48 மணி நேரம் முடிந்தபின் 48 நாளும் பயிற்சி வேண்டும். அந்நாட்களுக்குக் கூலி தருவோர் யார்? பத்துப் பேருக்குக் குறைந்த சிறு பட்டறையிலும், பதிவேட்டிற் பெயரேறாத நாட்கூலியிலும் உழைப்போர்க்கு ஈட்டுறுதி பெரும்பாலும் எட்டுவதில்லை. வாரம் மூன்று முறை பயிற்சிக்குச் செல்லப் பேருந்துப் படியேற வேண்டும். அப்படியில் ஏறக் கற்பதற்கே அவர் செல்கின்றார். உடன் செல்லும் மகனுக்கும் அரைநாட் கூலி போகின்றது. வலி குறைந்தவுடன் பயிற்சியை விடுத்து வேலைக்குத் திரும்புகின்றார். வலிமை திரும்பாத காலிலே மீண்டும் இடறுகின்றார். அவரைச் சோம்பேறியென்றும் அறியாதவனென்றும் பழிப்பது எளிது. கணக்கிட்டுப் பார்த்தால் அவர் செய்தது வேறு வழியின்மையால் என்பது விளங்கும்.

இதற்கு எம் கருத்திற் படும் பரிகாரம் மூன்று. முதலாவது, ஆஸ்பத்திரியினின்று வீட்டிற்கு அனுப்பும் சீட்டிலே மருந்தின் பெயரோடு பயிற்சியின் பெயரும், நாளும், அளவும், அடுத்துச் செல்லவேண்டிய இடமும் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். இரண்டாவது, தொழிற்பேட்டைக்குள்ளேயே, வேலை நேரம் முடிந்தபின் மாலையிலே திறந்திருக்கும் பயிற்சிக்கூடங்கள் வேண்டும். இணைகம்பி, படிக்கட்டு, சில எடைகள், ஒரு பாய், பயின்றவர் ஒருவர், இவையே தொடக்கத்திற்குப் போதுமானவை. அருகிலுள்ள கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர் தம் ஆசிரியரின் மேற்பார்வையில் அங்கே பணிசெய்யலாம். மூன்றாவது, முதலாளிமார் காயமுற்றவரைச் சில திங்கள் இலகுவான வேலையில் அமர்த்தல் வேண்டும். கைதேர்ந்த கடைசல்காரர் ஒருவரை இழந்து புதியவரைப் பழக்குவதிலும், பழையவரை மீட்டுக்கொள்வது பட்டறைக்கும் இலாபமே.

இதனை மறுத்துச் சிலர், அரசு உயிர் காக்கும் செலவையே தாங்க இயலாதபோது பயிற்சிக்குப் பொருள் ஏது என்பர். பல்லாயிரம் செலவிட்டுப் பொருத்திய எலும்பு பயனற்றுப் போக விடுவதன்றோ பெருஞ்செலவு? வேறு சிலர், பயிற்சியால் வலி மிகுமே, எலும்பு பெயருமே என அஞ்சுவர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. காலமறியாது செய்யும் பயிற்சி கேடு விளைக்கும். பொறுக்கலாகாத வலியையும் புதிதாகத் தோன்றும் வீக்கத்தையும் மருத்துவரிடம் உடனே அறிவித்தல் வேண்டும். ஆதலாற்றான் கற்றவர் துணை வேண்டுமென்கின்றோம். கண்டவர் கையில் முறுக்குவதற்கு உடலை ஒப்புவித்தல் ஆகாது.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் இவ்வூர்களிலிருந்தே நாடோறும் மின்சார இரயிலேறிக் கல்லூரிக்கு வருகின்றீர்கள். உங்கள் தெருவிலே கட்டவிழ்த்த கையைத் துண்டால் தாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவரேனும் இருப்பர். அவரிடம், "பயிற்சி சொன்னார்களா, செய்கின்றீர்களா?" என்று கேளுங்கள். அவர் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். அரசு நிலையத்தில் வீட்டுச் சிகிச்சைக்குப் பெயர் பதியத் துணைபுரியுங்கள். வேண்டுமாயின் வாரம் ஒரு மாலை உடன் சென்று வாருங்கள். பழைய மாணவராய்த் தொழிற்சாலைகளிற் பெரும்பதவி வகிப்போரும் தம் பட்டறையிலே இலகுவேலை ஏற்பாட்டைத் தொடங்கலாம். பொருளினும் பொறுமையே இப்பணிக்கு மிகுதியும் வேண்டுவது. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாகும்? உழைக்கும் மக்களின் உடலாகிய சுவரைச் செம்மை செய்யும் இப்பணியில் நம் கல்லூரியும் பங்கு கொள்ளுமாக.