சாகக் கிடக்கும் செல்போனும் சமாளிப்புத் திலகங்களும்

சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. சார்ஜர் ஒயரை எந்தப் பக்கம் வளைத்து, மேலே எவ்வளவு தடிமனான புத்தகத்தை வைத்தால் சார்ஜ் ஏறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொட்டென்று அணைந்துபோகிற போனை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டரையே ஓட்டிவிடுவார்கள். கேட்டால், "தீபாவளி ஆஃபர் வரட்டும் மச்சி, எக்ஸ்சேஞ்சுல போட்டுடலாம்" என்று பதில் வரும். பையன் சிக்கனமாக இருக்கிறான் என்று வீட்டில் பெருமை வேறு!

இது சிக்கனமே இல்லை. போனைச் செய்தவன் தீர்த்துவைக்க வேண்டிய பிரச்சினையை, வாங்கியவன் சம்பளமில்லாமல் சுமக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில் ரொம்ப நாள் ஒரு வழக்கம் இருந்தது. 2 வருட ஒப்பந்தம் போட்டால், சிம் தருகிற கம்பெனியே போனையும் குறைந்த விலைக்குத் தரும். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப் போன். நடுவில் போன் படுத்துவிட்டால் அந்தத் தேதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2013-ல் டி-மொபைல் இதைக் கைவிட்டது, மற்ற பெரிய கம்பெனிகளும் அடுத்த சில வருடங்களில் பின்தொடர்ந்தன. மோசமான ஏற்பாடுதான், ஆனால் காலண்டரில் வட்டம் போட ஒரு தேதியாவது இருந்தது. இங்கே பெரும்பாலோர் ப்ரீபெய்டு. தி.நகர் உஸ்மான் ரோட்டில் முழு விலை கொடுத்தோ, தவணையிலோ வாங்க வேண்டியதுதான். அப்புறம் போன் செத்தால் வாங்கியவர் பாடு.

அது ஏன் சாகிறது? பெரும்பாலும் பேட்டரிதான் முதல் குற்றவாளி. லித்தியம் அயான் பேட்டரி தேய்கிற பொருள். சுமார் 500 முறை முழுதாகச் சார்ஜ் செய்து தீர்த்தால், அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்பது பல வருடங்களாகச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. தினம் ஒரு முறை என்றால் ஒன்றரை வருடம்! பேட்டரிக்கு வயதாக ஆக உள்ளே மின்தடை ஏறும். கேமராவைத் திறக்கும் நொடியில் போன் கேட்கிற மின்சாரத்தை அதனால் தர முடியாது. மின்னழுத்தம் சட்டென்று விழும், போன் அணையும். சூடு இதை இன்னும் வேகப்படுத்தும். ஐபோனை 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் அடையாறு சிக்னலில் நிற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தேய்கிற பொருள் என்று தெரிந்தால் மாற்றுகிற மாதிரி வைக்க வேண்டாமா? டயர் தேய்ந்தால் டயரை மாற்றுவார்களா, பைக்கையே மாற்றுவார்களா?

இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 2007 ஆகஸ்டில் நோக்கியா தன்னுடைய பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று எச்சரித்தது. இந்தியாவில் ஒரே பீதி. ஆனால் மக்கள் செய்ய வேண்டியிருந்தது என்ன? நகத்தால் பின்மூடியைத் திறந்து பேட்டரி எண்ணைப் பார்ப்பது. பட்டியலில் இருந்தால் இலவசமாகப் புதுப் பேட்டரி. போன் அதே போன்! 2016-ல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7-லும் தீப்பிடித்தது பேட்டரிதான். ஆனால் அது உள்ளே ஒட்டி மூடப்பட்டிருந்தது. முழுப் போனையே திரும்ப வாங்கி, அந்த மாடலையே ஊற்றி மூடினார்கள். ஒன்பது வருட 'முன்னேற்றம்' இதுதான்.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்பார்கள். 2014-ல் அதே சாம்சங் விற்ற கேலக்ஸி எஸ் 5, தண்ணீரையும் தாங்கியது, பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியையும் மாற்றலாம். அப்போது முடிந்தது இப்போது முடியாதா என்ன?

சரி, கடையில் கொடுத்து மாற்றலாமே? அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அதற்குக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரிஜினல் பாகம் எளிதில் கிடைக்காது. செத்த போர்டிலிருந்து பிடுங்கிப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் டூப்ளிகேட். 2019-ல் வந்த ஐபோன் 11-லிருந்து, ஆப்பிள் அங்கீகரிக்காத டிஸ்ப்ளேயைப் போட்டால் எச்சரிக்கை வருகிறது. மயிலாப்பூரிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாராகின்றன. செய்கிற கை இங்கே, ரிப்பேர் செய்கிற கை இங்கே, உரிமை மட்டும் வேறெங்கோ!

பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணையாமல் இருக்கத்தான் என்றது. இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் சொல்லவில்லையே! எத்தனை பேர் 'போன் பழசாகிவிட்டது' என்று நம்பிப் புதுசு வாங்கியிருப்பார்கள்? சொல்லாமல் விட்டதற்காக 2020-ல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது.

இதில் அடிபடுவது யார்? வருடம் ஒரு போன் மாற்றுகிறவர் இல்லை. வங்கி ஓடிபி, மெட்ரோ டிக்கெட், மாட வீதிப் பூக்கடைக்கு யுபிஐ என்று எல்லாமே ஒரே போனில் இருக்கிறது. அது நடுவழியில் அணைந்தால் கையில் காசில்லாத மாணவரும், அன்றைய ஆர்டர் போய்விடும் டெலிவரி பையனும்தான் அடிபடுகிறார்கள்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புது விதி. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் உதிரி பாகம் தர வேண்டும், 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும். இந்தியாவிலோ 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை' இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இணையதளம் யாரையும் கட்டாயப்படுத்தாது. சட்டம்தான் கட்டாயப்படுத்தும்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியது உண்டு. வாங்கும்போதே கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிற வாய், "பேட்டரி மாற்ற எவ்வளவு? எத்தனை வருடம் கிடைக்கும்?" என்றும் கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பெனிக்குக் காது கேட்கும். இன்னொன்று, பின்மூடி உப்பிக்கொண்டு வந்தால் மட்டும் சமாளிக்கவே கூடாது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும். ஆஃபருக்காகப் போன் காத்திருக்கலாம், உப்பிய பேட்டரி காத்திருக்காது.