எருக் குவியலுக்கு ஒரு வெப்பமானி

சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் வைத்த கத்தரி நாற்றுகள் மூன்றே நாளில் கருகிப்போயின. குற்றவாளி, 'இயற்கை உரம்' என்று சொல்லி விற்கப்பட்ட கோழி எரு! மூட்டையைப் பிரித்தபோதே அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது. மக்காத எருவை உரமென்று விற்பது சரியல்ல என்பது என் கருத்து.

கோழி எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. இதே அம்மோனியாவைக் காற்றின் நைட்ரஜனிலிருந்து ஆக்க, மணலியிலுள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் போன்ற ஆலைகளுக்கு நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பமும் மிகுந்த அழுத்தமும் தேவைப்படுகின்றன. நாமோ அதைக் காற்றிலேயே விட்டுவிடுகிறோம்! எச்சத்துடன் தென்னை நார்க்கழிவைக் கலந்தால், அதிலுள்ள கார்பனை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தம் உடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். நைட்ரஜன் 1 பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு என்பது நல்ல அளவு. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இம்முறையைப் பரிந்துரைக்கிறது. நாமக்கல்லில் எச்சம், பொள்ளாச்சியில் நார்க்கழிவு, வேறென்ன வேண்டும்?

வீட்டு வாளியிலேயே செய்யலாமே என்பீர்கள். இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. 1 மீட்டர் கனசதுரக் குவியலின் பக்கத்தை 2 மீட்டராக்கினால் கன அளவு 8 மடங்காகும். வெப்பம் வெளியேறும் புறப்பரப்போ 4 மடங்குதான். ஆகவே பெரிய குவியல்தான் 55 டிகிரி செல்சியசைத் தாண்டிப் பல நாட்கள் சூடாக நிற்கும். சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் களை விதைகளும் மடியும். வாளி ஆறிவிடும். அதற்காக மலைபோல் குவித்தால் நடுவில் காற்றுப் புகாது. புரட்டிப்போட இயந்திரம் வேண்டும். எனவே இது பண்ணைகளும் ஆலைகளும் செய்யவேண்டிய வேலை. குவியலின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்து, அந்தக் கணக்கை மூட்டைமேல் அச்சிடட்டும். அதுவரை நான் மாட்டெருதான் வாங்குவேன்.