டச்சு மன்னரின் மன்னிப்பும் 54.5 கோடி யூரோவும்: ஒரு குடும்பத்தின் கணக்கு

2023 ஜூலை 1. ஆம்ஸ்டர்டாம் பூங்கா ஒன்றில் நின்று, நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கொடுமைக்கு எதிராகத் தன் முன்னோர் எதுவும் செய்யாமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கோரினார். சரி, அவங்க சும்மா மட்டும்தான் இருந்தாங்களா? ஒரு எண் வேறு கதை சொல்கிறது.

அது என்ன எண்?

54.5 கோடி யூரோ. 1675 முதல் 1770 வரை ஆரஞ்சு-நசாவ் குடும்பம் காலனிகளிலிருந்து ஈட்டிய தொகை, இன்றைய மதிப்பில். மன்னிப்புக்குச் சில நாட்களுக்கு முன் வெளியான, அரசே செய்யச் சொன்ன ஆய்வின் கணக்கு இது.

யாருக்குப் போனது?

முக்கியமாக மூன்றாம், நான்காம், ஐந்தாம் வில்லெம்களுக்கு. நெதர்லாந்து அப்போது குடியரசு. இவர்கள் மன்னர்களாக அல்ல, 'ஸ்டாட்ஹோல்டர்' என்ற பதவியில் இருந்து அதை வழிநடத்தினார்கள். 1749-ல் நான்காம் வில்லெம் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை இயக்குநராகவே ஆனார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்தது இதே கம்பெனிதான். 17-ம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி, பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது.

அடிமை முறை எப்போது முடிந்தது?

சட்டப்படி 1863-ல். ஆனால் சுரினாமில் இழப்பீடு கிடைத்தது உரிமையாளர்களுக்கு: ஓர் அடிமைக்கு 300 கில்டர். விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு கூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மேலும் 10 வருஷம் ஒப்பந்தத்தில் உழைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 2023-ஐ, 1873-லிருந்து 150-வது ஆண்டாகக் கொண்டாடினார்கள்.

இப்போது என்ன நிலை?

காலனி மக்கள் காணிக்கை செலுத்தும் ஓவியம் கொண்ட தங்க ரதத்தை இப்போதைக்குப் பயன்படுத்தப் போவதில்லை என 2022-ல் மன்னர் அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில், காலனி வரலாற்றில் குடும்பத்தின் பங்கை ஆராயத் தனி ஆய்வுக்கும் உத்தரவிட்டார். விழிப்புணர்வுப் பணிகளுக்கு அரசு அறிவித்த நிதி 20 கோடி யூரோ. தனிநபர் இழப்பீடு அதில் இல்லை.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பம் 95 ஆண்டுகளில் ஈட்டியதில் பாதியைக்கூட, ஒரு நாடே சேர்ந்து ஒதுக்கிய தொகை எட்டவில்லை. செயல்படாததற்கு மன்னிப்பு கேட்டாச்சு. சம்பாதித்ததற்கு என்ன பதில் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.