போனில் ‘டிக்… டிக்…’ சத்தமா? வேலியையும் பாருங்க

ஊரில் இருக்கிற அப்பாவின் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டால், பேச்சுக்கு நடுவே நொடிக்கு ஒரு தடவை ‘டிக்… டிக்…’. பிராட்பேண்டும் விட்டு விட்டு வருது. லைன்மேன் வந்து ஒயரை மாற்றியும் சத்தம் போகலை. வீடு கன்னிவாடி, ஆத்தூர், நத்தம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களை ஒட்டி இருந்தால், சோலார் மின்வேலி மேலும் ஒரு கண் வைக்கலாம்.

யானை, காட்டுமாடு, காட்டுப்பன்றியைத் தடுக்கும் இந்த வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. எனர்ஜைசர் என்ற பெட்டி, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, பல ஆயிரம் வோல்ட்டில் கண நேரத் துடிப்பு ஒன்றை அனுப்பும். அது மண் வழியாக எர்த் கம்பிக்குத் திரும்பி வரணும். எர்த் மோசமாக இருந்தால், பக்கத்தில் போகும் தாமிர போன் ஒயரும் அதற்கு ஒரு வழியாகிவிடும். வேலியும் போன் லைனும் நெடுந்தூரம் அருகருகே ஓடினாலும் இதே தொல்லைதான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. அந்த ‘டிக்’ விவசாயிக்கும் கெட்ட செய்தி. எர்த் சரியில்லாத வேலியில் ஷாக் குறையும். பன்றி சாவகாசமாக உள்ளே வரும். அதனால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “அண்ணே, உங்க வேலி வீக்கா இருக்கு போல”ன்னு ஆரம்பிங்க, காது கொடுப்பார்.

நம்ம ஊர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தும் செத்துவிடும். கூடுதலாக ஒன்றிரண்டு கம்பி ஆழமாக இறக்கி, குழியில் தண்ணீர் ஊற்றணும். வீட்டு எர்த், போன் எர்த்திலிருந்து அது 10 மீட்டராவது தள்ளி இருக்கணும். கம்பியைத் தொடும் செடிகொடியை வெட்டி, உடைந்த இன்சுலேட்டரை மாற்றணும். பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து வேலியோரமாக நடங்க. ‘டிக்’ எங்கே பலமாகக் கேட்குதோ அங்கேதான் கசிவு. ஃபைபர் இணைப்பு கிடைத்தால் இன்னும் நிம்மதி, கண்ணாடி இழையில் இந்தத் துடிப்பு ஏறாது.

‘டிக்’குக்குப் பதில் ‘ம்ம்ம்’ என்ற தொடர் இரைச்சல் கேட்டால் விஷயம் வேறு. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ராத்திரி வேலியைப் போட்டதும் மட்டும் கேட்டால், வீட்டு மின்சாரத்தையே நேரடியாகக் கம்பியில் கொடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படணும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட வேலியில் 3 யானைகள் செத்தன. மனிதரையும் அது விடாது. அதே வருஷம்தான் தமிழக அரசு மின்வேலிகளுக்குப் பதிவையும் அனுமதியையும் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. இங்கே அக்கம்பக்கம் பார்க்காதீங்க. கம்பி கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே சொல்லிடுங்க.