641 வரை போகவிடாத வாத்தியார்

பேத்தி நேற்று பகா எண் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். பழைய ஞாபகம் ஒன்று கிளம்பிவிட்டது.

3, 5, 17, 257, 65537. இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒன்றைக் கூட்டினால் வருபவை. ஐந்துமே பகா எண்கள். இப்படி வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்று கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்!

நான் அதைக்கூடச் சொல்லாமல் பத்தாம் வகுப்பில், "எல்லாமே பகா எண்தான்" என்று அடித்துச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அடுத்தது, சார்?" என்றான். அடுத்தது 4294967297. (கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று குறைத்தால் தெரிந்த எண்.) "அதுவும்தான், உட்காருப்பா" என்றேன்.

மறுநாள் நோட்டைக் கொண்டுவந்தான். 101 வரை உள்ள 26 பகா எண்களாலும் கையாலேயே வகுத்திருந்தான். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அனுப்பிவிட்டேன். அவன் அதோடு விட்டுவிட்டான்.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன்: 1732-லேயே ஆய்லர் அதை உடைத்துவிட்டார். 641 × 6700417. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தே வகுத்தல்! அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வரிசையில் இன்னொரு பகா எண் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது பெரிய தப்பில்லை. ஒரு பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து வகுத்ததை என் பேச்சுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேனே, அதுதான் தப்பு. இப்போது கைடும் மாதிரி வினாத்தாளும் வைத்து ஓடும் பள்ளிகளில் அப்படி வகுத்துப் பார்க்கக்கூட நேரம் கொடுப்பதில்லை. ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, வருடத்துக்கு ஒரு பீரியடாவது மார்க் இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் இருங்கள். ஹெச்.எம். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால், அந்த நோட்டு இருக்கிறதோ இல்லையோ, ஒரு தாள் எடுத்து 641-ஆல் வகுத்துப் பார். மீதி வராது.